வாயைத் திறந்து யோசிக்கணும் தம்பி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி மகன் போன் செய்தான். மேடவாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில், மற்ற கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் வேலை செய்து கொடுக்கும் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் மூன்று வருடமாகப் புரோகிராமர் வேலை.

"அண்ணே, புதன்கிழமை இன்டர்வியூ இருக்குண்ணே. புராடக்ட் கம்பெனி. என்னண்ணே கேப்பாங்க?"

புராடக்ட் கம்பெனி என்றால் சொந்தமாக சாஃப்ட்வேர் தயாரித்து விற்கிற இடம். இப்படிக் கேட்கிற எல்லோருக்கும் உள்ளூர ஓர் ஆசை இருக்கும், யாராவது கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிட மாட்டார்களா என்று. பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் ஜெராக்ஸ் கடையில் இம்பார்ட்டன்ட் கொஸ்டின் விற்பார்களே, அந்த மாதிரி. எனக்கும் இருந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, நாலு வருடமாக இன்டர்வியூ எடுக்கவும் செய்கிறேன், போன வருடம் நானே வேலை மாற ஐந்து கம்பெனி ஏறி இறங்கினேன். இரண்டில் ஆஃபர், மூன்றில் அல்வா. அன்றைக்கு அவனிடம் ஒன்றரை மணி நேரம் பேசியதைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இங்கே எழுதுகிறேன்.

நடைமுறையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன், அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலில் ரெக்ரூட்டர் போன் செய்வார்: இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். அப்புறம் ஆன்லைன் டெஸ்ட். அதைத் தாண்டினால் ஒன்றிரண்டு கோடிங் ரவுண்டு, கொஞ்சம் அனுபவம் உள்ளவர்களுக்கு, ஒரு பெரிய சிஸ்டத்தை எப்படி அமைப்பாய் என்று கேட்கும் ஒரு டிசைன் ரவுண்டு, அப்புறம் மேனேஜர், கடைசியில் எச்ஆர். எனக்கு ஒரு கம்பெனியில் இதெல்லாம் பத்து நாளில் முடிந்தது, இன்னொன்றில் இரண்டரை மாதம் இழுத்தது.

ஆன்லைன் டெஸ்ட் என்பது ஹேக்கர்ரேங்க் மாதிரி ஒரு தளத்தில் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மூன்று புரோகிராம் எழுதுவது. (அந்தத் தளத்தை ஆரம்பித்த இரண்டு பேருமே திருச்சி என்ஐடியில் படித்தவர்கள். ராத்திரி தூங்காமல், புரோகிராம் சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் கேஸோடு மல்லுக்கட்டும்போது திட்ட வேண்டுமென்றால் முகவரி பக்கத்து ஊர்தான்.) இங்கே முக்கால்வாசிப் பேர் விழுவது, நம் கண்ணுக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கும் டெஸ்ட் கேஸில். காலியான அரே (எண்களின் வரிசை) வந்தால் என்ன, ஒரே ஒரு எண் மட்டும் வந்தால் என்ன, எல்லா எண்ணும் ஒன்றாகவே இருந்தால் என்ன. இன்னொன்று, கேள்வியின் அடியில் சின்ன எழுத்தில் 'N அதிகபட்சம் 1 லட்சம்' என்று, அதாவது அரேயில் எத்தனை எண்கள் வரலாம் என்று போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. அதுதான் துப்பு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் இன்னொரு லூப் போட்டால் 1 லட்சம் பெருக்கல் 1 லட்சம், அதாவது 1000 கோடி முறை சுற்ற வேண்டும், நேரம் முடிந்துவிடும். அப்படியென்றால் ஒரே லூப்பில் முடிகிற வழியையோ, வரிசைப்படுத்திவிட்டுத் தேடுகிற வழியையோ எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏஐ வைத்து எழுதிவிடலாமே என்று கேட்டான். கேமராவைப் போட்டு வைப்பார்கள், வேறு டேபுக்குப் போனால் கணக்கு வைப்பார்கள், அதையும் மீறிச் செய்கிறவர்கள் செய்யத்தான் செய்கிறார்கள். 2025-ல் சுந்தர் பிச்சையே கூகுள் இன்டர்வியூவில் ஒரு சுற்றாவது நேரில் வைக்கப்போகிறோம் என்று பேசும் அளவுக்கு இது போயிருக்கிறது. என் கவலை வேறு. டெஸ்டை ஏஐ முடித்துக் கொடுத்தால், அடுத்த சுற்றில் அதே புரோகிராமைத் திறந்து வைத்து 'இந்த வரி எதுக்குப் போட்டீங்க' என்பார்கள். நானே அப்படிக் கேட்கிறவன்தான். அங்கே அசடு வழிய உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

சரி, கோடிங் ரவுண்டுக்கு வருவோம். தம்பியிடம் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓர் அரே தருவேன்: 4, 9, 1, 6, 11. இதில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் 15 வரும்? வேண்டுமென்றேதான் இந்த எண்களைப் போட்டிருக்கிறேன். 9-ம் 6-ம் கூட்டினால் 15. 4-ம் 11-ம் கூட்டினாலும் 15. கேள்வியைப் படித்ததும் "ஒரு ஜோடி சொன்னா போதுமா, எல்லா ஜோடியும் வேணுமா?" என்று கேட்கிறவர் பத்துப் பேரில் ஒருவர் இருவர்தான். மற்றவர்கள் நேராக டைப் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானே? பரீட்சை ஹாலில் வாயைத் திறந்தால் வெளியே போக வேண்டும். கேள்வியில் சந்தேகம் கேட்டால் 'பாடம் நடத்தும்போது எங்கே போனாய்' என்பார்கள். பன்னிரண்டு வருடம் பள்ளி, நாலு வருடம் கல்லூரி, மொத்தம் பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டு விடை எழுதிப் பழகிய ஆளைக் கொண்டுபோய் 'யோசிக்கிறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுதுங்க' என்றால் எப்படி வரும்?

ஒரு பையன் வந்தான், போன வருடம். கேள்வியைச் சொன்னேன், தலையாட்டினான், அப்புறம் பதினெட்டு நிமிடம் கீபோர்டு சத்தம் மட்டும்தான். நான் இரண்டு முறை "என்ன யோசிக்கிறீங்க, சொல்லுங்களேன்" என்றேன். "ஒன் மினிட் சார்." கடைசியில் புரோகிராம் கிட்டத்தட்ட சரியாகத்தான் இருந்தது. ஆனால் இன்டர்வியூ முடிந்ததும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிரச்சினையை எப்படி அணுகினார், வேறு வழிகளை யோசித்தாரா, தவறு வந்தபோது எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். என்ன எழுதுவது? எனக்குக் கேட்டது கீபோர்டு சத்தம்தானே. மனப்பாடம் செய்து வந்ததா, அவனாக யோசித்ததா என்றே தெரியவில்லை. அந்தப் பையன் தேறவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி வரைக்கும் மனசு சரியில்லை.

அதே வாரம் ஒரு பெண் வந்தார். முதலில் லூப்புக்குள் லூப் என்று சொன்னார், "இது சரியா வரும், ஆனா எண்கள் நிறைய இருந்தா தாங்காது" என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்புறம் கொஞ்ச நேரம் அரேயை வரிசைப்படுத்தலாமா என்று போனார், "வேண்டாம், இடம் மாறிடும், முதல்ல எந்த இடத்துல இருந்ததுன்னு கேட்டா சொல்ல முடியாது" என்று திரும்பி வந்தார். அப்புறம்தான் மேப், பார்த்த எண்களைக் குறித்து வைத்துச் சட்டென்று தேட உதவும் அமைப்பு. 4-ஐப் பார்க்கிறேன், 11 ஏற்கெனவே வந்ததா, இல்லை, 4-ஐக் குறித்து வைக்கிறேன். 9, 6 வந்ததா, இல்லை, குறித்துக்கொள்கிறேன். 1, 14 வந்ததா, இல்லை. 6, 9 வந்ததா, வந்தது, அவ்வளவுதான். இப்படி விரல் வைத்துப் படிப்பது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அங்கே ஒரு கொக்கி போட்டேன்: "கூட்டுத்தொகை 8-ன்னு வெச்சுக்குவோம், இருக்கிறது ஒரே ஒரு 4. உங்க புரோகிராம் அந்த 4-ஐயே ரெண்டு தடவை எடுத்துக்குமா?" நின்றார். திரும்ப முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். "இல்லை, முதல்ல தேடுறேன், அப்புறம்தான் குறிச்சு வைக்கிறேன். மாத்திப் போட்டிருந்தா மாட்டியிருப்பேன்" என்றார். அடுத்த கேள்வியை அவரால் முடிக்க முடியவில்லை, பாதியில் நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் எடுக்கலாம் என்றுதான் எழுதினேன். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளிடம் எனக்கு வேண்டியது அதுதான், மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் பெரிய மனுஷன் மாதிரி சொல்கிறேனே தவிர, போன வருடம் நான் கோட்டை விட்டதும் இதே இடத்தில்தான். பைனரி சர்ச் எழுதச் சொன்னார்கள், வரிசைப்படுத்திய அரேயில் நடுவைப் பார்த்து, பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன் என்ற தெனாவெட்டு. தேடும் பகுதியின் முதல் இடம் லோ, கடைசி இடம் ஹை, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடித்து, மளமளவென்று எழுதிவிட்டேன். எதிரில் இருந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். "அந்த நடு கண்டுபிடிக்கிற வரியை இன்னொரு தடவை பாருங்க" என்றார். பார்த்தேன். "சரியாத்தான் இருக்கு" என்றேன். "அரே ரொம்பப் பெருசா இருந்தா?" என்றார். "இருந்தாலும் சரிதான்" என்று நான் வாதாட ஆரம்பித்துவிட்டேன், அதுவும் குரலை உயர்த்தி.

தப்பு இருந்தது. ஜாவா மொழியில் இன்ட் என்ற முழு எண் வகை 32 பிட், அதில் அடங்கும் ஆகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. லோவும் ஹையும் தனித்தனியாக அதற்குள் அடங்கினாலும் கூட்டினால் அதைத் தாண்டிவிடலாம், தாண்டினால் மைனஸுக்குப் போய்விடும், அரேயில் மைனஸ் இடத்தைத் தேடிப் போய் புரோகிராம் கவிழ்ந்துவிடும். ஹையிலிருந்து லோவைக் கழித்து, அதில் பாதியை லோவோடு கூட்டினால் பிரச்சினை இல்லை. இதே பிழை ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே ஒன்பது வருடம் போல யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2006-ல்தான் பெரிதாகப் பேசப்பட்டது. அதனால் பிழை விட்டதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தத் தம்பி இரண்டு தடவை கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், நான் தட்டிவிட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. 'பாருங்க' என்று சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மூன்று அல்வாவில் அது முதல் அல்வா.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இங்கிலீஷ். நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். யோசனை தமிழில் ஓடும், வாய் இங்கிலீஷில் பேச வேண்டும், நடுவில் மொழிபெயர்க்கிற வேலைக்கே பாதி மூளை செலவாகும், அதனால்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தம்பிக்கும் இதுதான் பயம். நான் அவனுக்குச் சொன்னது: இலக்கணத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. 'திஸ் நாட் வொர்க். பிக் இன்புட், ஸ்லோ' என்று சொன்னால்கூட எனக்குப் புரிந்துவிடும், பேசாமல் இருந்தால்தான் ஒன்றும் புரியாது. சென்னையில் எடுக்கிற இன்டர்வியூவில் எதிரில் இருப்பவர் தமிழ் என்று தெரிந்தால் நடுவில் தமிழ் கலந்து பேசினாலும் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் பெங்களூர், ஹைதராபாத் ஆட்கள் வந்தால் அது ஓடாது, அதனால் பழகித்தான் ஆக வேண்டும். பழகுவதற்கு ஒரே வழி, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு கணக்கை எடுத்து, எதிரில் யாரோ இருப்பதாக நினைத்து இங்கிலீஷில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது. முதல் மூன்று நாள் பைத்தியம் மாதிரி இருக்கும்.

அப்புறம் ரெஸ்யூமே. அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கேள்வி வரும். தம்பியின் ரெஸ்யூமேயில் 'காஃப்கா' என்று இருந்தது, சிஸ்டங்களுக்கு இடையே தகவலைக் கடத்தும் ஒரு சாஃப்ட்வேர். என்னடா செய்தாய் என்றால், "எங்க புராஜெக்ட்ல இருக்குண்ணே, நான் தொட்டதில்ல." எடுத்துவிடு என்றேன். அப்புறம் அவன் புராஜெக்டைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். "நாங்க மைக்ரேட் பண்ணோம், நாங்க டெஸ்ட் பண்ணோம், நாங்க லைவ் கொண்டுவந்தோம்." எல்லாம் நாங்க. நான் என்று சொன்னால் தற்பெருமை என்று வளர்த்திருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு இவன் என்ன செய்தான் என்று தெரிய வேண்டாமா? தோண்டித் தோண்டிக் கேட்டதில், ராத்திரி ஓடும் ஒரு ரிப்போர்ட் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்ததை, டேட்டாபேஸில் சட்டென்று தேட உதவும் ஒரு இன்டெக்ஸ் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து இருபது நிமிடமாக்கியது இவன்தான் என்று வெளியே வந்தது. அது ரெஸ்யூமேயில் ஒரு வரிகூட இல்லை! காஃப்கா இருக்கிறது, இது இல்லை.

மனப்பாடமும் இங்கேதான் பல்லைக் காட்டும். ஹேஷ்மேப்பில் (முன்னே சொன்ன மேப்பில் ஒரு வகை) தேட எவ்வளவு நேரம் என்றால் எல்லோரும் 'ஓ ஆஃப் ஒன்' என்பார்கள், அதாவது எத்தனை இருந்தாலும் ஒரே நேரம்தான். எப்போதுமேவா, குறித்து வைத்த எல்லா கீயும் ஒரே பக்கெட்டில், அதாவது உள்ளே இருக்கும் ஒரே அறையில் போய் விழுந்தால் என்றால் முழிப்பார்கள். ஜாவா 8-லிருந்து ஒரு பக்கெட்டில் ரொம்பச் சேர்ந்துவிட்டால் அதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த லிங்க்டு லிஸ்டிலிருந்து, கிளை கிளையாகப் பிரித்துத் தேடும் மரமாக மாற்றிவிடுவார்கள், அதனால் ரொம்ப மோசமாகாது. இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. 'ஒரே இடத்தில் சேர்ந்தால் ஒவ்வொன்றாகத்தானே தேடணும், அப்போ மெதுவாகும்' என்று யோசித்துச் சொன்னாலே போதும்.

டிசைன் ரவுண்டு தம்பிக்கு இருக்காது என்று நினைத்தேன், மூன்று வருடம்தானே, ஆனாலும் சின்னதாக ஒன்று கேட்கலாம் என்று தட்கல் புக்கிங்கை எடுத்துக்கொண்டோம். ஏசிக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி, அந்த ஒரு நிமிடத்தில் நாடே வந்து விழும். அவன் உடனே "மைக்ரோசர்வீஸ், ரெடிஸ், லோடு பேலன்சர்" என்று டெக்னாலஜி பெயர்களாகக் கட்டம் கட்டமாகப் போட ஆரம்பித்தான். கட்டத்தை விடு, பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் மிச்சம், நீயும் உன் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே செகண்டில் அழுத்துகிறீர்கள், யாருக்குக் கிடைக்கும், அதை எங்கே தீர்மானிப்பாய்? பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை, அப்போது என்ன? வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பொறுமை இல்லாமல் இன்னொரு தடவை பட்டனைத் தட்டினால் இரண்டு தடவை பணம் பிடிக்குமா? இந்த மூன்று கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தால் ரெடிஸ் வேண்டுமா வேண்டாமா என்பது தானாகத் தெரியும். பெர்த்தைச் சில நிமிடம் பிடித்து வைத்து, பணம் வராவிட்டால் விடுவிப்பது, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி எண் கொடுத்து அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே தருவது என்று மெல்ல மெல்ல அவனே வந்து சேர்ந்தான். அரை மணி நேரம் ஆனது.

(சென்னையில் இருந்துகொண்டு சோஹோவைச் சொல்லாமல் விட முடியாது. கால் டாக்ஸி புக்கிங் மாதிரி ஒரு முழு அப்ளிகேஷனையே சில மணி நேரத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லும் அவர்கள் சுற்று இங்கே பிரசித்தம். எனக்கு அந்த மாதிரிதான் பிடிக்கும். கிளை கிளையாக இருக்கும் பைனரி மரத்தை இடவலமாகத் திருப்பு என்பதைவிட அது வேலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.)

மேனேஜர் ரவுண்டில் சண்டைக் கதை கேட்பார்கள்: கூட வேலை பார்ப்பவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள். 'அப்படி வந்ததே இல்லை சார்' என்று மட்டும் சொல்லாதே. யாரும் நம்ப மாட்டார்கள்.

எச்ஆரிடம் வரும்போது களைத்துப் போயிருப்போம், எதைச் சொன்னாலும் சரி என்போம். அங்கேதான் கவனம் வேண்டும். 18 லட்சம் சிடிசி (கம்பெனி வருடத்துக்கு நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் ஒன்றரை லட்சம் என்று மனக்கணக்கு போடுவான் தம்பி. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் பாதி, 9 லட்சம் என்று வை. கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,08,000, அதுவும் உன் சிடிசிக்குள்தான். கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 43,290, நிரந்தர வேலையில் ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். வேரியபிள், அதாவது கூடக் குறையத் தரும் தொகை, சிடிசியில் 10 சதவீதம் என்றால் 1,80,000, அது கம்பெனி மனது வைத்தால். மிச்சம் 14,68,710, பன்னிரண்டால் வகுத்தால் 1,22,392. அதில் உன் பங்கு பிஎஃப் 9,000 போக 1,13,392. வருமான வரியும் தொழில் வரியும் இன்னும் பிடிக்கவே இல்லை. "என்னண்ணே இப்படி?" என்றான். ஆஃபர் வந்ததும் முழுப் பிரிவையும் எழுத்தில் கேள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தொண்ணூறு நாள் நோட்டீஸ் பற்றியும் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடு. முப்பது நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் ரிலீவிங் லெட்டருக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கிடைக்காமல் போனால்? போகும். நல்ல ஆட்களுக்கும் போகும். மேக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற புரோகிராமர்கள் ஏகப்பட்ட பேர் மற்ற சாஃப்ட்வேர்களை நிறுவப் பயன்படுத்தும் ஹோம்புரூவை எழுதியவரையே, பைனரி மரத்தைத் திருப்பிப் போடத் தெரியவில்லை என்று கூகுளில் எடுக்கவில்லை, 2015-ல் அவரே ட்விட்டரில் புலம்பினார். ஏன் எடுக்கவில்லை என்று பல இடங்களில் சொல்லவும் மாட்டார்கள். எனக்கு இரண்டாவது அல்வா கொடுத்த கம்பெனி, நாலு சுற்று முடித்த பிறகு போனையே எடுக்கவில்லை. மூன்றாவது, ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரி மெயில்.

புதன்கிழமை சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "ரெண்டாவது கேள்வி முடிக்கலண்ணே. ஆனா வாய மூடவே இல்ல. ஒரு இடத்துல அவரு குறிப்பு குடுத்தாரு, டக்குனு புடிச்சுக்கிட்டேன்." அடுத்த சுற்று வெள்ளிக்கிழமை என்று மறுநாளே மெயில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தி போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்பா, உன் தம்பி நாலு நாளா ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு தனியா இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே இருக்கான். ஏதாவது லவ்வு கிவ்வா?" என்றார்.